ஊசியை முதல்ல பிள்ளை கையில கொடுங்க

+2 ரிசல்ட் வந்த கையோட நம்ம வீடுகள்ல ரெண்டே பேச்சுதான். கட்ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ்? தீராத வியாதி இருக்கிற பிள்ளை வீட்லயும் இதே ரெண்டு பேச்சுதாங்கறதுதான் என் ஆதங்கம்.

என் அக்கா பொண்ணுக்கு 9 வயசுல இருந்து டைப் 1 சர்க்கரை. (இனிப்பு தின்னதால வர்றது இல்லைங்க இது. உடம்போட எதிர்ப்புச் சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடும். ஊசி இல்லைன்னா உயிர் இல்லை.) இந்த வருஷம் இன்ஜினியரிங், ஹாஸ்டல். விரல் குத்திப் பார்க்கறது, எத்தனை யூனிட்னு கணக்குப் போடறது, ராத்திரி 2 மணிக்கு எழுப்பிப் பார்க்கறது எல்லாம் இத்தனை வருஷமா அக்காதான். "அவ படிக்கட்டும்டா, பரீட்சை முடியட்டும்"னே +1, +2 ரெண்டு வருஷமும் ஓடிடுச்சு.

அக்காவைக் குறை சொல்லலை. சர்க்கரை இறங்கி, பிள்ளை வேர்த்துக் கொட்டி நடுங்கறதை ஒரு தடவை பார்த்த எந்த அம்மாவும் அப்படித்தான் இருப்பாங்க. ஆனா ஹாஸ்டல்ல 2 மணிக்கு எழுப்ப அம்மா கிடையாதே! பெரியவங்க டாக்டர்கிட்ட மாறறதுக்குக் குறைஞ்சது 1 வருஷம் முன்னாடியே பிள்ளையைத் தயார் பண்ணணும்னு அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்லுது. நம்ம ஊர்க் கணக்குல அது +1. டாக்டர் ரூம்ல பிள்ளை பேசணும், அம்மா கேட்டுக்கிட்டு இருக்கணும்.

எதை எல்லாம் பழக்கணும்? ஊசி போட்டுட்டு மெஸ் க்யூல அரை மணி நேரம் நின்னா சர்க்கரை இறங்கும். அதனால தட்டு கைக்கு வர்ற நேரம் பார்த்து ஊசி. 70க்குக் கீழே போனா 3 ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். காய்ச்சல்ல சாப்பிடப் பிடிக்கலைன்னாலும் இன்சுலினை அடியோட நிறுத்தவே கூடாது; எவ்வளவுன்னு டாக்டருக்கு ஒரு ஃபோன். மெஸ் ஃப்ரிட்ஜ்ல வெச்ச மருந்து ஃப்ரீசர் பக்கம் போய் உறைஞ்சிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. "ரூம்ல யார்கிட்டயும் சொல்லிக்காதே. நாளைக்குக் கல்யாணம்னு வர்றப்ப..."ன்னு ஆரம்பிச்சாங்க அக்கா. எனக்குக் கோபமே வந்துடுச்சு. மயங்கி விழுந்தா, வாயில எதையும் ஊத்தாம 108ஐக் கூப்பிடணும்னு பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம தண்ணியை ஊத்தினா புரையேறிடும். தூங்கறான்னு நினைச்சு விட்டுட்டா அதைவிட மோசம். வராத மாப்பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையைப் பணயம் வைக்கறதா?

சட்டத்தையும் ரொம்ப நம்ப முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, தலசீமியாகூட இருக்கு. டைப் 1 இல்லை. பரீட்சை ஹாலுக்குள்ள டைப் 1 பிள்ளைங்க தின்பண்டம் கொண்டு போக 2017ல சிபிஎஸ்இ அனுமதி கொடுத்தது நல்ல விஷயம். ஆனா அது பள்ளிக்கூடத்தோட சரி. காலேஜ்ல நாமதான் டாக்டர் லெட்டரோட போய் வார்டனையும் துறைத்தலைவரையும் முதல் வாரமே பார்க்கணும். அதையும் பிள்ளையே கேட்கணும், நாம கூடப் போய் நின்னா போதும்.

அக்கா இன்னும் முழுசா சம்மதிக்கலை. பொண்ணுதான், "ரூம்ல நானே சொல்லிக்கறேன் மாமா"ன்னா. ஊசியும் இப்ப அவளேதான் போட்டுக்கறா.

வாத்தியார் வேலையில இருக்கிற பதிவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளாஸ் நடுவுல ஒரு பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா, திட்டறதுக்கு முன்னாடி ஏன்னு ஒரு தடவை கேளுங்க சாமி.