ரசனையோடு யாரும் பிறப்பதில்லை

பேஷன் பத்திரிகையின் கிரியேட்டிவ் டைரக்டர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள்கூட ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: அவருக்கு நல்ல ரசனை உண்டு, படங்களைப் பார்த்து இது இருக்கட்டும், அது வேண்டாம் என்பார். அந்த ரசனை எங்கிருந்து வந்தது? கூடவே பிறந்தது, சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்பார்கள். 2006இல் வந்த ‘தி டெவில் வேர்ஸ் பிராடா’ படத்தில் பத்திரிகை ஆசிரியை உதட்டைச் சுழிக்கிறார். உடனே ஓர் ஆடை வடிவமைப்பாளர் தன் தொகுப்பு முழுவதையும் மாற்றப் புறப்பட்டுவிடுகிறார். பேஷன் பத்திரிகை அலுவலகம் என்றதும் பலர் மனதில் எழும் சித்திரம் இதுதான். இது பொய் என்பதோடு, பலரின் பிழைப்பைக் கெடுத்த பொய் என்றும் சொல்வேன்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஒரு தொகுப்புக்காக எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் வந்து குவியும். கிடைப்பதோ எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். எதை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்குவது, எதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்குவது, எதன் ஓரத்தை வெட்டுவது, பக்கத்தைத் திருப்பியதும் கண்ணில் எது படவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். கச்சேரியில் எந்த உருப்படிக்குப் பின் எதைப் பாடுவது என்பதைப் போன்ற கணக்கு இது. தனியே பார்த்தால் அற்புதமாக இருக்கும் படம், முந்தைய பக்கத்தின் அருகே வைத்ததும் செத்துப்போகும்.

இந்தக் கணக்கை ஒரு கலையாக வளர்த்தவர் அலெக்ஸி ப்ரோடோவிச். 1934இல் ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அவரை ஹார்ப்பர்ஸ் பஜாருக்கு அழைத்துவந்தார். 1958 வரை அவர்தான் அதன் ஆர்ட் டைரக்டர். படங்களைப் பல அளவுகளில் ஃபோட்டோஸ்டாட் எடுக்கச் சொல்வார். அவற்றை வெட்டி, நகர்த்தி, மீண்டும் வெட்டிப் பக்கங்களைக் கட்டுவார். பிறகு இதழ் முழுவதையும் தரையில் வரிசையாகப் பரப்பி, நின்று பார்த்து, இடம் மாற்றுவார். பாவாடையின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே எழுத்துகளையும் வளைத்து அடுக்குவார். விளம்பரத்துக்கு விற்றுக் காசாக்கக்கூடிய தாளில் பாதியை வெறுமையாக விட்டார். அந்த வெள்ளை இடத்தைப் பார்த்து இன்றும் ‘என்ன ரசனை’ என்கிறோம். எத்தனை ஃபோட்டோஸ்டாட்டுகளை வெட்டித் தள்ளியபின் அந்த வெறுமை நிலைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

‘அவர் வசதியான ரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர், தாய் ஓவியம் வரைபவர், கண் பிறப்பிலேயே வந்ததுதானே’ என்பார்கள். வலுவான வாதம்தான், ஆனாலும் தவறு. ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையில் சண்டையிட்டுத் தோற்று, எல்லாவற்றையும் இழந்து பாரிஸுக்கு வந்தவர் அவர். பிழைப்புக்காகச் சுவருக்கு வண்ணம் பூசினார், பாலே மேடைக்குத் திரை வரைந்தார், துணிக்கும் பீங்கானுக்கும் வடிவம் போட்டார், போஸ்டர் செய்தார். பஜாருக்குள் நுழைந்தபோது அவர் கையில் இருந்தது இந்தப் பத்தாண்டு உழைப்பு. பிறப்பு மட்டும் போதுமென்றால், அன்று பாரிஸில் டாக்சி ஓட்டிய ரஷ்யப் பிரபுக்கள் எல்லோருமே ஆர்ட் டைரக்டர் ஆகியிருக்க வேண்டும்.

ரசனை கற்றுக்கொடுக்க வராது என்பதற்கு அவரே பெரிய மறுப்பு. பல ஆண்டுகள் வகுப்பு நடத்தினார். பிலடெல்பியாவில் அவரிடம் படித்த புகைப்படக் கலைஞர் இர்விங் பென் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகன். நியூயார்க்கில் அவர் வகுப்பில் உட்கார்ந்த புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்டின் தந்தை தோல் வேலை செய்தவர், தாய் கழுத்துப்பட்டை தைத்துப் பிழைத்தவர். போட்டி நிறுவனத்திலும் இதே கதைதான். உக்ரைனில் பிறந்த மெஹமெட் ஃபெமி ஆகா 1929இல் வோக்குக்கு ஆர்ட் டைரக்டராக வந்தார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சிப்பி பினெலிஸ் அவரிடம் உதவியாளராக இருந்து வேலை பழகினார். பிறகு கிளாமர் இதழின் ஆர்ட் டைரக்டராகி, 1948இல் நியூயார்க் ஆர்ட் டைரக்டர்ஸ் கிளப்பின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். மேல்தட்டு அமெரிக்காவின் நேர்த்தி என்று உலகம் கொண்டாடிய பக்கங்களை அடுக்கியவர்கள் கப்பலேறி வந்த அந்நியர்கள்.

1965 ஏப்ரல் பஜார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இதழுக்குப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் சிறப்பு ஆசிரியர், ரூத் ஆன்சலும் பியா ஃபைட்லரும் ஆர்ட் டைரக்டர்கள். முதலில் எடுத்த அட்டைப்படம் சரிவரவில்லை. அச்சுக்குப் போகும் நேரமோ நெருங்கிவிட்டது. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புத் தாளை விண்வெளி வீரரின் தலைக்கவச வடிவத்தில் வெட்டி, மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டனின் முகத்தைச் சுற்றி ஒட்டினார்கள். அறுபதுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக் காட்டப்படும் அட்டை அது. கத்தரிக்கோலும் தாளும் அவசரமும் சேர்ந்து செய்தது.

‘பிறவிக் கண்’ என்றதும் இன்று எல்லோரும் சொல்லும் பெயர் கிரேஸ் காடிங்டன். வேல்ஸில் ஒரு தீவில், சிறிய ஹோட்டல் நடத்திய குடும்பத்தில் 1941இல் பிறந்தவர். வோக் தையல் மாதிரிகளைப் பார்த்துத் தன் உடைகளைத் தானே தைத்துக்கொண்டவர். மாடலாக இருந்தார், கார் விபத்தில் கண்ணிமை சிதைந்து பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார், 1968இல் பிரிட்டிஷ் வோக்கில் இளநிலை ஆசிரியராகச் சேர்ந்தார். அமெரிக்க வோக்கின் கிரியேட்டிவ் டைரக்டர் ஆனது 1995இல். நடுவே இருக்கும் 27 ஆண்டுகளைப் பிறவிக் கணக்கில் எழுதுவது அந்தப் பெண்ணின் உழைப்பைத் திருடுவது.

2009இல் வெளியான ‘தி செப்டம்பர் இஷ்யூ’ ஆவணப்படத்தில் அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். அவர் பாடுபட்டு எடுத்த பக்கங்களை ஆசிரியர் அன்னா வின்டூர் நீக்குகிறார். இவர் பொருமுகிறார், சண்டை போடுகிறார், மறுபடி படமெடுக்கப் போகிறார். ஒரு படப்பிடிப்பில் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரையே மாடலோடு சேர்த்துக் குதிக்க வைக்கிறார். அச்சுக்கு முன் அந்த ஒளிப்பதிவாளரின் தொப்பையைக் கணினியில் இழைக்கும் பேச்சு வந்ததும், கூடாது என்று தொலைபேசியில் அழைத்துத் தடுக்கிறார். எல்லோருமே கச்சிதமான உடலோடு இருக்கும் பக்கத்தில் ஒரு சாதாரண மனிதனின் வயிறு எதற்குத் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களை அடுக்கிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

ரசனை கூடவே பிறப்பது என்ற நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். ரசனை பிறப்பால் வருவதென்றால் அதைக் கற்றுக்கொடுக்கும் செலவு நிறுவனத்துக்கு இல்லை. வாசலில் நிற்கும் இளைஞருக்குச் சம்பளமும் தேவையில்லை, உள்ளே நிற்க இடம் கொடுத்ததே பெரிது. 2012இல் பஜாரில் சம்பளமின்றி வேலை பார்த்த ஒரு பயிற்சியாளர் அதை வெளியிடும் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு நிறுவனத்துக்கே சாதகமானது. 2013இல் வோக்கை வெளியிடும் காண்டே நாஸ்ட் மீதும் முன்னாள் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனம் பயிற்சித் திட்டத்தையே மூடியது, அடுத்த ஆண்டு 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நியூயார்க்கில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வாழ யாரால் முடியும்? வீட்டில் பணமிருப்பவரால் முடியும். பத்தாண்டு கழித்து அவர் மேலே வந்ததும், பாருங்கள், பிறவி ரசனை என்பார்கள்.

நான் மதிக்கும் ப்ரோடோவிச்சின் அறையும் இதற்கு விலக்கல்ல. லிலியன் பாஸ்மன் முதலில் அவரிடம் சம்பளமில்லாமல்தான் வேலை பழகினார். வாழப் பணம் வேண்டும் என்று எலிசபெத் ஆர்டன் அழகுசாதன நிறுவனத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகுதான் ப்ரோடோவிச் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். பாஸ்மன் ஜூனியர் பஜாரின் ஆர்ட் டைரக்டராகி இளம் புகைப்படக்காரர்கள் பலருக்கு இடம் கொடுத்தார், பின்னால் அவரே பெரும் புகைப்படக் கலைஞரானார். சம்பளம் வராமலே போயிருந்தால் அவர் ஆர்டனிலேயே தங்கியிருப்பார், அவருக்கு ரசனை இல்லை என்று யாராவது எழுதியும் வைத்திருப்பார்கள். அவரைப் போலன்றி, திரும்ப அழைக்கப்படாமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்த நிறுவனங்களிடம் எந்தப் பதிவேடும் இருக்காது. உதவியாளருக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுங்கள், தரையில் பக்கங்களைப் பரப்பும்போது அவரையும் பக்கத்தில் நிற்கவிடுங்கள். கண் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.