படம் விற்ற காசில் லீக்குக்கும் பங்கு

நவி மும்பையின் சான்பாடாவில் சிறுவர் கிரிக்கெட் லீக் நடக்கும் ஞாயிறுகளில், எல்லைக்கோட்டருகே நீள லென்ஸோடு ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டம்ப் சிதறும் நொடி சிக்கிவிட்டால், பந்து போட்ட பையனின் அம்மா சாயங்காலத்துக்குள் யுபிஐயில் பணம் அனுப்பிப் படத்தை வாங்கிவிடுவார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு லீக்குக்குப் போயே ஆக வேண்டும். எடுத்தவரின் உழைப்பு பெரிதுதான். ஆட்டமே இல்லையென்றால் படம் ஏது? பந்துக்கும் நடுவர் கூலிக்கும் லீக் நடத்துபவர்கள் அல்லாடுகிறார்கள். சிறுவர் போட்டியை யாராவது நடத்தினால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் வெளியே தெரிவார்கள். 1988இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆசாத் மைதானத்தில் 664 ரன் சேர்த்ததும் ஹாரிஸ் ஷீல்டு என்ற பள்ளிப் போட்டியில்தான்.

ஆனால் படம் எடுப்பவரிடம் முன்பணம் கேட்கும் லீக்கை நான் ஏற்கமாட்டேன். மழை வந்து ஆட்டம் நின்றால் நட்டம் முழுக்கக் கேமராக்காரர் தலையில் விழும். விற்றதில் சதவீதம் என்பதே நியாயம். வாய்ப்பேச்சும் போதாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே புகைப்பட நண்பர்களே, எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள், பெற்றோரின் ஒப்புதலை யார் வாங்குவது என்பதை சீசன் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.