பொதுப் பணத்தில் செய்த ஆய்வு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும்

ஹந்தானை மலைச்சரிவில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். 1981ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த முன்னதும், 1952இல் பேராதனைக்கு வந்து நிலைகொண்ட பின்னதும் பெருமளவுக்குத் திறைசேரியின் பணத்தாலேயே இயங்குகின்றன. மலையகத்தில் கல்வி, சுகாதாரத் துறைகளில் பணியாற்றுவோர் கூடிய எமது அமைப்பின் நிலைப்பாடு இது: அந்தப் பணத்தில் நடக்கும் ஆய்வின் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதும், ஆசிரியரின் இறுதிப் பிரதி நிறுவனத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் வைப்பிலிடப்பட வேண்டும். அதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் விதியாக்க வேண்டும்.

இது யாருக்குத் தேவை என்பதற்கு வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயே சான்று. 1990களில் வெளிப்பட்டு, காரணம் இன்னும் முடிவாகாத அந்த நோயைப் பற்றிச் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் திறந்த அணுக்க இதழொன்றில் வந்தது. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2011இல், குடிநீரின் புளோரைட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பேராதனைப் புவிச்சரிதவியலாளர்கள் எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டுச் சந்தா இதழ்களில் வந்தன. ஆய்வுக்கு நீர் கொடுத்தவை எமது கிராமத்துக் கிணறுகள். ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுத்தது எமது வரிப்பணம். ஆனால் மதவாச்சியில் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரோ, நீர் வடிகட்டும் நிலையத்தைத் திட்டமிடும் பொறியியலாளரோ, இதைத் தமிழில் எழுத முனையும் ஊடகவியலாளரோ அப்படியொரு கட்டுரையை வெளியீட்டாளரின் தளத்தில் படிப்பதற்கு டொலரில் பணம் கட்ட வேண்டும். பல்கலைக்கழக நூலகத்துக்கும் இதே நிலைதான். 2022இல் நாட்டில் மருந்து வாங்கவே அந்நியச் செலாவணி இல்லாமல் போனதை அனுபவித்த நாம், எமது ஆய்வைப் படிக்கும் உரிமையை அந்நியச் செலாவணியில் தங்கவிடுவது நியாயமில்லை.

பதிப்புரிமை வெளியீட்டாளரிடம் போய்விடுகிறதே என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலான பெரிய வெளியீட்டாளர்கள், இதழின் அச்சுப் பக்கத்தைத் தராவிட்டாலும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கிறார்கள். சிலர் 12 அல்லது 24 மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் பிரதியை இன்றே வைத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்துவிட்டு, முழுவுரையைத் தவணை முடிந்ததும் திறக்கலாம். தரம் குறையும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. வைப்பிலிடுவது மதிப்பீட்டாளர்கள் படித்துத் திருத்தி ஏற்ற அதே கட்டுரையைத்தான். பௌதிகவியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் களஞ்சியத்தில் கட்டுரைகளை வைத்துவருகிறார்கள்; அத்துறையின் இதழ்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. திறந்த அணுக்கம் என்றதும் கட்டணம் கட்டி வெளியிடுவதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. கட்டுரைக்கு 2,000 டொலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் பல இருப்பதால், இளம் விரிவுரையாளர் ஒருவர் அஞ்சுவதில் வியப்பில்லை. வைப்பிலிடுவதற்கோ அவர் ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை. உள்நாட்டு இதழ்களைப் பொறுத்தவரை பிரச்சினை சிறியது: 2008இல் தொடங்கிய இலங்கை இதழ்கள் இணையத்தளத்தில் அவற்றில் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.

பேராதனையில் களஞ்சியம் ஏற்கெனவே இருக்கிறதே, விரும்பியவர் வைக்கட்டும் என்பதே எமக்குச் சொல்லப்படும் மிக நயமான மறுப்பு. விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. அங்குள்ள தேசிய சுகாதார நிறுவகங்கள் 2005இல் வைப்பிலிடுமாறு வேண்டுகோள் விடுத்தபோது, தொடக்க மாதங்களில் நூற்றுக்கு ஐந்து கட்டுரைகூட வந்து சேரவில்லை. 2008இல் அது சட்டக் கட்டாயமான பிறகே களஞ்சியம் நிரம்பியது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் எளிய வழியைக் கண்டது: உள்மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுப்பது. அதற்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை. இந்திய மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில், தமது நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளை வைப்பிலிட வேண்டுமெனக் கொள்கை வகுத்தன. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவுள்ள ஆய்வுக்கும் நோயாளியை அடையாளம் காட்டும் தரவுக்கும் விலக்குத் தேவை என்பதை ஏற்கிறோம். ஆனால் விலக்குக் கேட்பவர் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் திறந்துவைத்தாலும் தோட்டத்து மக்களுக்குப் பயனில்லை என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதனால்தான் ஒவ்வொரு வைப்போடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் சேர வேண்டும் என்கிறோம். மண்சரிவு பற்றியும் தேயிலைத் தோட்டங்களின் குடிநீர் பற்றியும் எழுதப்படுபவற்றை முதலில் படிக்க வேண்டியவர்கள் அந்தச் சரிவுகளில் வாழ்பவர்களே. பேராதனையின் மூதவையும் ஹந்தானை நிறுவகத்தின் ஆளுகைச் சபையும் தத்தம் தீர்மானத்தாலேயே இதைத் தொடங்கலாம். தேசிய விஞ்ஞான மன்றம் தனது மானிய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே போதும். வரும் கல்வியாண்டிலிருந்து இதை நடைமுறைப்படுத்துமாறு மூன்றிடமும் கோருகிறோம்.