ஆசிரியர் முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் வேண்டும்
தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பல துணைவேந்தர் இன்றி ஒருங்கிணைப்புக் குழுக்களின் பொறுப்பில் நீடிக்கும் நிலையில், ஆசிரியர்களின் குறைகளைக் கேட்டு முடிவு சொல்ல, நிர்வாகத்தைச் சாராத அமைப்பு ஒன்று உடனடியாகத் தேவை. மாணவர்களுக்கு அது உண்டு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் குறைதீர்ப்புக் குழுவுக்கு 15 வேலை நாள் கெடு விதித்து, அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரையும் வைத்தன. ஆசிரியரோ பதவி உயர்வு, பணிமூப்பு, தண்டனை எதுவானாலும் உத்தரவிட்ட நிர்வாகத்திடமே மனுக் கொடுக்க வேண்டும். ஆட்சிக்குழுவுக்குப் போனாலும், துணைவேந்தர் இருக்கும் இடங்களில் அங்கும் தலைமை அவருடையதே. இதன் கேடு ஆசிரியரோடு நிற்பதில்லை. நியாயம் கேட்க இடமில்லாதவர் பாடத்திட்டக் குழுவிலும் பேரவையிலும் மாற்றுக் கருத்துச் சொல்லத் தயங்குவார். நியமனங்களும் செலவுகளும் கேள்வியின்றி நிறைவேறும். எஞ்சும் வழி உயர் நீதிமன்ற ரிட் மனு. அது முடிய ஆண்டுகள் ஆகலாம்; ஓய்வு பெற்ற பின் வரும் தீர்ப்பால் பயன் சொற்பம். டி.எம்.ஏ. பை வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, தண்டிக்கப்படும் தனியார் கல்வி நிறுவன ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் வேண்டும் என்றது. அந்த அளவுகோலுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் விலக்காக இருக்க முடியாது. சட்டமன்றம் பல்கலைக்கழகச் சட்டங்களைத் திருத்தி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் தீர்ப்பாயம் அமைத்து, 60 நாளுக்குள் காரணம் கூறும் ஆணையைக் கட்டாயமாக்க வேண்டும்; முறையிட்டதற்காக எவரையும் பழிவாங்கும் இடமாற்றம் செல்லாது என்பதும் அச்சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.