டாலர் வரலாம், கார் வரக்கூடாதா?



மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, வள்ளியூர், பத்தமடை, அந்தப் பக்கம் கடையநல்லூர், புளியங்குடி. இந்த ஊர்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். பத்து வருஷம், இருபது வருஷம் சவூதியிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்துவிட்டு "இனி ஊரோட இருந்துக்கிடலாம்" என்று கிளம்பும்போது நம்மாட்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்க ஓட்டுன காரை ஊருக்குக் கொண்டு வந்துரலாமா?"

உடனே ஒரு ஏஜென்ட் வந்துவிடுவார். "அண்ணாச்சி, வண்டியை ஏத்தி அனுப்பிருங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம்." அல்வாவுக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கே அல்வா கொடுக்கிற வேலை இது. சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊர் திரும்புகிறவர் வீட்டுச் சாமான்களை பேக்கேஜ் சலுகையில் கொண்டு வரலாம். ஆனால் 1962-ஆம் வருஷத்து சுங்கச் சட்டத்தில் 'பேக்கேஜ்' என்பதற்கு விளக்கம் சொல்கிற இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதி வைத்துவிட்டார்கள். நீங்கள் ஓட்டிய கார், உங்கள் பெயரில் இருக்கும் கார், ஆனாலும் அது சரக்கு. சரக்குக்கு உண்டான வரி, சரக்குக்கு உண்டான விதி.

விதி என்ன? பழைய கார் என்றால் தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் குறைந்தது 5 வருஷம் ஓடும் தகுதி இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். வந்த பிறகு புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

ஸ்டியரிங் விதியிலேயே வளைகுடாக்காரர் அவுட். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், ஆறு நாட்டிலும் ஸ்டியரிங் இடது பக்கம்தான். அங்கே ஓடும் கார் இங்கே பதிவுக்கு வரவே வராது. காசு கட்டினாலும் வராது. இந்த ஒரு வரியை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

இதில் நம் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். இடது பக்க ஸ்டியரிங் வண்டியை ஊருக்குள் நிரந்தரமாக விடச் சொல்லி நாம் கேட்கவில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால், இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, எதிரே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்து ஓவர்டேக் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். உயிர் பெரிசா, வண்டி பெரிசா? இத்தனைக்கும் 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு, சிக்னல் கருவி பொருத்தியிருந்தால் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டலாம் என்கிறது. தடுப்பது இறக்குமதிக் கொள்கைதான். அந்தத் தடையில் நமக்குச் சண்டையில்லை.

சண்டை மற்றதில்தான். சிங்கப்பூர், மலேசியா, புருனேயில் ஸ்டியரிங் நம்மைப்போல வலது பக்கம். அங்கிருந்து வருகிறவர் கணக்கைப் பார்ப்போம். புதுசில் 20 லட்ச ரூபாய் பெறுமான கார் என்று வைத்துக்கொள்வோம். சுங்கத்துறை நீங்கள் விற்கக்கூடிய விலையைப் பார்ப்பதில்லை. புது விலையில் முதல் வருஷம் 16 சதவீதம், இரண்டாம் வருஷம் 12, மூன்றாம் வருஷம் 10 என்று கழிப்பார்கள். மொத்தமாக 38 சதவீதம் கழித்தாலும் 12.40 லட்சம் நிற்கும். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 14 லட்சம் என்று வையுங்கள்.

அதன்மேல் வரி 137.5 சதவீதம். அதாவது 19.25 லட்சம். ஆக 33.25 லட்சம். அதன்மேல் ஜி.எஸ்.டி. பெரிய காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அது 13.30 லட்சம். மொத்தம் 46.55 லட்சம். இதில் வரி மட்டுமே 32.55 லட்சம்! மூன்று வருஷம் ஓடித் தேய்ந்த காருக்கு, அது புதுசாக இருந்தபோது கொடுத்த விலையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரி. வாங்கும்போது அந்த நாட்டுக்குக் கட்டிய வரி தனி.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 2025 பட்ஜெட்டில் பழைய கார் மீதான அடிப்படை வரியை 125-லிருந்து 70 சதவீதமாகக் குறைத்துவிட்டோம் என்றார்கள். கூடவே 67.5 சதவீதம் வேளாண் கட்டமைப்பு செஸ் போட்டார்கள். கூட்டிப் பாருங்கள், 137.5. முன்பும் சர்சார்ஜ் சேர்த்து அதே 137.5 தான். கட்டுகிறவருக்கு ஒரு பைசா குறையவில்லை. ஆனால் செஸ் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. கணக்கு யாருக்கு லாபம் என்று தெரிகிறதா?

அதே வருஷம் ஜூலை 24-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டனில் தயாராகும் கார்களுக்கு, ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள், வரி படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும். கோடி ரூபாய்க் கார் வாங்குகிறவருக்கு 10. வேர்வை சிந்தி வாங்கிய பழைய டொயோட்டாவைக் கொண்டு வருகிறவருக்கு 137.5. வெளிநாட்டு இந்தியர்கள் 2024-25-ல் அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கு மேல் என்கிறது ரிசர்வ் வங்கி. அந்த டாலரை எண்ணும்போது மட்டும் அவர்கள் நாட்டின் சொத்து!

"சலுகை கொடுத்தால் மோசடி பண்ணுவாங்க" என்பார்கள். பண்ணியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1994-ல் லண்டனிலிருந்து வந்த புது லெக்ஸஸ் காரைப் பழைய கார் என்று காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்த்த வழக்கில் ம.நடராஜன் உள்ளிட்டோருக்குக் கிடைத்த இரண்டு வருஷச் சிறைத் தண்டனையை, 2017 நவம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 23 வருஷம்! 2025 செப்டம்பரில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், பூடான் வழியாக வந்த வண்டிகளைத் தேடி 'நும்கூர்' என்ற பெயரில் சுங்கத்துறை சோதனை நடத்தியது. செய்தியில் அடிபட்டது பிரபலங்களின் பெயர்கள். வெல்டிங் வேலைக்குப் போய் வந்தவர் பெயர் அல்ல.

துறைமுகத்தைத் தாண்டினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய ரசீது, சோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், படிவம் 20 எல்லாம் கொடுத்து, வண்டியையும் காட்டி, ஆயுள் வரி கட்டினால்தான் டி.என். 72 நம்பர் கிடைக்கும். ஆயுள் வரி மாநில அரசுடையது. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். இதில் நம் மாநிலத்துக்கும் பொறுப்பு உண்டு.

பதிவில் சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கு. நுழைவு வரி தொடர்பாக 2012-ல் போட்ட மனுவுக்கு 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளை நீக்க 2022 ஜனவரி வரை இன்னொரு சுற்று. அந்த வழக்கின் சரி தப்பு இருக்கட்டும். ஒன்பது வருஷம் வக்கீல் வைத்து வாதாட பத்தமடைக்காரரால் முடியுமா? நுழைவு வரி 2017-ல் ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டது. அலைச்சல் போகவில்லை. இறக்குமதி விதி வர்த்தக அமைச்சகம், வரி நிதி அமைச்சகம், பதிவுச் சட்டம் போக்குவரத்து அமைச்சகம், ஆயுள் வரி கோட்டை. யாரைக் கேட்டாலும் "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல".

நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. குறைந்தது பத்து வருஷம் வெளிநாட்டில் உழைத்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு, வாழ்க்கையில் ஒரே முறை, ஒரே கார், வலது பக்க ஸ்டியரிங், குறைந்தது ஒரு வருஷம் அவர் பெயரிலேயே இருந்தது என்றால், ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே 10 சதவீத வரி. ஐந்து வருஷம் விற்கத் தடை போடுங்கள், ஆர்.சி. புக்கிலேயே எழுதுங்கள். மோசடிக்கு அதைவிடப் பெரிய பூட்டு வேண்டாம்.

பழைய காரைத் தூத்துக்குடியிலும் இறக்க விட வேண்டும். நெல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் வ.உ.சி. பெயரில் துறைமுகத்தை வைத்துக்கொண்டு, நம்ம வண்டி மும்பையில் இறங்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வர வேண்டுமாம். 1906-லேயே சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதரின் பெயருக்காவது மரியாதை வேண்டாமா? சோதனைக்கு ஒரகடத்திலேயே மத்திய அரசின் மையம் இருக்கிறது.

வளைகுடாக்காரர்களுக்கு? அவர்கள் காரைக் கொண்டுவர முடியாது என்பதால், திரும்பி வந்து இங்கே வாங்கும் முதல் காருக்கு ஆயுள் வரியில் மாநில அரசு ஒரு பங்கு விட்டுக்கொடுக்கலாம். "பஸ்ஸில் போறவன் காசுல காருக்குச் சலுகையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் 10 லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு மட்டும் என்கிறோம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க நினைப்பவருக்கு அது முதலீடு.

தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை, 2022-ல் டாலர் இல்லாமல் தவித்தபோது, வங்கி வழியாகப் பணம் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மின்சாரக் கார் இறக்குமதி பெர்மிட் கொடுத்தது. அதிலும் முறைகேடு புகார் எழுந்தது. ஆனாலும் பணம் அனுப்புகிறவனுக்கு ஏதாவது செய்யணும் என்ற எண்ணமாவது வந்தது.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு: யார் என்ன சொன்னாலும் சரக்குக் கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் காரின் ஸ்டியரிங்கைப் பாருங்கள், இடது பக்கமா, பேச்சே வேண்டாம், அங்கேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாருங்கள். வலது பக்கம் என்றால் தயாரித்த மாதத்தைப் பார்த்து, சுங்கத்துறையில் வரி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கப்பலைப் பற்றி யோசிக்கலாம். இதை உங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள்.

#நெல்லை #ஊர்திரும்பும்உழைப்பாளர்கள்