ஸ்ரீபெரும்புதூர் ஐபோனில் ரே டிரேசிங்: காசு கொடுக்கத் தகுந்ததா?

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது, போனில் கேம் என்றால் நம்ம எல்லோருக்கும் ஸ்நேக்தான். கறுப்புக் கட்டங்களாக நெளியும் ஒரு பாம்பு. வெளிச்சமும் இல்லை, நிழலும் இல்லை. 2014-ல் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. ஐபோன் 16 வரிசையில் உள்ள சிப், வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்பதையே கணக்குப் போடும். சிப் தைவானில் தயாராகிறது. போனாக உருப்பெறுவது இங்கே.

அந்த வசதியின் பெயர் ரே டிரேசிங். விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் இதற்காக நாம் கூடுதலாகச் செலவழிக்கலாமா?

ரே டிரேசிங் என்றால் என்ன?

மழை பெய்து ஓய்ந்த இரவு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஈரச் சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் நீளமாக விழுகிறது. இந்தக் காட்சியை ஒரு கேமில் எப்படிக் காட்டுவது?

பழைய முறையில், திரையில் ஏற்கெனவே தெரியும் பஸ்ஸைத் தலைகீழாக்கிச் சாலையில் ஒட்டுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, பஸ் திரையை விட்டு வெளியே போனால், சாலையில் உள்ள பிம்பமும் சட்டென மறைந்துவிடும். ரே டிரேசிங்கில் அப்படி நடக்காது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு ஒளிக்கதிரை அனுப்பி, அது எதில் மோதுகிறது என்று கணக்கிடுவதால், திரையில் இல்லாத பஸ்ஸும் பிம்பத்தில் தெரியும்.

ஏன் இவ்வளவு பாரம்?

ஐபோன் 16 ப்ரோ திரையில் சுமார் 31.6 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓட, புள்ளிக்கு ஒரே ஒரு கதிர் என்று வைத்தாலும் விநாடிக்குச் சுமார் 19 கோடி கதிர்கள். கதிர் மோதித் திரும்பினால் கணக்கு இன்னும் கூடும். சினிமாவில் ஒரு ஃபிரேமுக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். கேமில் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான்.

2018-ல் என்விடியா ஆர்.டி.எக்ஸ் 20 வரிசை கார்டுகளும், இதைப் பயன்படுத்திய முதல் பெரிய கேமான பேட்டில்ஃபீல்ட் 5-ம் வந்தபோது, இதை ஆன் செய்ததும் பல காட்சிகளில் ஃபிரேம் வேகம் பாதியாக விழுந்தது. இப்போது டி.எல்.எஸ்.எஸ் போன்ற ஏ.ஐ. நுட்பங்கள் கைகொடுக்கின்றன. படத்தைச் சிறிதாக வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டுவதுதான் அதன் சூட்சுமம்.

போனுக்குத் தேவையா?

இப்போதைக்கு இல்லை. நம்மூரில் அதிகம் ஆடப்படும் பி.ஜி.எம்.ஐ, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றில் ஜெயிக்க வைப்பது சீரான ஃபிரேம் வேகம். எதிரி சுடும் நேரத்தில் குட்டையில் தெரியும் பிம்பத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? தவிர, கனமான கணக்கு என்றால் போன் சூடாகும். சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னை வெயிலில், ஏசி இல்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது விலை ரூ.79,900. இந்த வசதி இல்லாத ஐபோன் 15 அப்போது ரூ.69,900-க்கு இறங்கியது. அந்த 10,000 ரூபாயைக் கொடுக்க வேறு காரணங்கள் இருக்கலாம். ரே டிரேசிங் அதில் ஒன்றல்ல.

லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க

லேப்டாப் கதை வேறு. இதுவும் நம்ம வட்டாரத்துக்குப் புதிதல்ல. டெல் 2007 முதலும், எச்.பி. 2020 முதல் ஃபிளெக்ஸ் ஆலை வழியாகவும் ஸ்ரீபெரும்புதூரில் கணினி தயாரிக்கின்றன.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் கணினியில் ரே டிரேசிங் வசதி கொண்ட கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடாது. ஆஃப் செய்யவும் வழியில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த இரு கேம்களும் குறைந்தபட்சமாகக் கேட்பது 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. ஆனால் ஆர்.டி.எக்ஸ் 3050 லேப்டாப்கள் பெரும்பாலும் 4 ஜிபியுடன் வந்தன. 4050-ல் 6 ஜிபி. ஸ்டிக்கரில் ஆர்.டி.எக்ஸ் என்று இருக்கும். தவணையும் மாதாமாதம் போகும். கேம் கேட்கும் அளவு மட்டும் உள்ளே இருக்காது.

யாருக்கு லாபம்?

பழைய முறையில் ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, சுவரிலும் தரையிலும் பதித்து வைப்பார்கள். ஒரு ஜன்னலை நகர்த்தினால் மறுபடியும் முதலிலிருந்து கணக்கு. ரே டிரேசிங் இருந்தால் அந்த வேலை பெருமளவு மிச்சம். அதாவது, ஸ்டுடியோ முன்பு தன் கணினியில் செய்த கணக்கை, இனி உங்கள் கணினி செய்யும். அதற்கான செலவும் உங்களுடையது. கட்டாயமாக்கும் கேம்கள் வரத் தொடங்கியிருப்பதற்கு அழகு மட்டுமே காரணம் அல்ல.

ஆக, என்ன செய்யலாம்?

போன் வாங்குகிறீர்களா? பேட்டரி, சூடு, ஃபிரேம் வேகம் பாருங்கள். ரே டிரேசிங் இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று தனியாகக் காசு வேண்டாம்.

லேப்டாப் என்றால், நான்கைந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகும் பொருள். 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரிக்குக் குறையாமல் பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? ஆறு மாதம் பொறுத்து வாங்குவது, 4 ஜிபியில் மாட்டிக்கொள்வதைவிட மேல். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை: ஆஃப் செய்ய வழியுள்ள கேம்களில் தயங்காமல் ஆஃப் செய்துவிட்டு ஆடுங்கள். ஸ்நேக் ஆடியபோதும் யாரும் நிழலைத் தேடவில்லை.