தைக்காத துணியும் சர்ப்ளஸ் பையும்

ஐரோப்பாவில் ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் அன்று உடுத்தப்போகும் சிவப்பு இரவு உடையை நாம் ஆவணி, புரட்டாசிக்குள் தைத்து முடித்துவிடுகிறோம். கழுத்து அளவு கொஞ்சம் பிசகினாலும் பீஸைத் தள்ளிவைக்கிறோம். உடைந்த ஊசிமுனை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று நீடில் டிடெக்டரில் ஓடவிட்டுப் பார்க்கிறோம். முகமே தெரியாத குழந்தைக்கு இவ்வளவு கவனம். நல்ல காரியம்தான், நம் திருப்பூர் வளர்ந்ததே அந்தக் கவனத்தால்தான். ஆனால் நம் கம்பெனியில் வேலை செய்கிறவர் லைன் வீட்டிலிருந்து வந்து, "எங்க பூஜைக்கு வாங்க சார்" என்று கூப்பிட்டால், பேக்கிங் செக்‌ஷனில் கிடக்கும் சர்ப்ளஸ் பீஸ் நாலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அந்த வீட்டுக் குழந்தைக்கு என்ன சைஸ் என்று கேட்பதில்லை. குழந்தை உண்டா என்றே பல சமயம் நமக்குத் தெரியாது.

ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூட்டி வெட்டுவது தொழில் வழக்கம். பழுது போக மிஞ்சுவது காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். அப்படி மிஞ்சியதைத்தான் பூஜைக்கு அழைத்தவர் கையில் கொடுக்கிறோம். அந்தப் பனியனின் தோளை ஓவர்லாக்கில் அடித்தவரே அவராக இருக்கலாம். எந்த பையரின் சரக்கு, எதனால் கழிந்தது என்பதெல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாம் நிம்மதியாகத் திரும்புகிறோம்.

இந்த வழக்கம் நமக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததல்ல. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தூக்குப்போசியை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும் என்று பழகியவர்கள் நாம். சீர் கொண்டுபோகும்போது வாங்குகிற வீட்டின் முறை என்ன, அங்கே எதை வைப்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் தட்டை அடுக்குவோம். சொந்தக்காரர்களுக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அழைக்கும்போது மட்டும் விசாரிக்க மறந்துபோகிறோம்.

தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜையையே எடுத்துக்கொள்ளலாம். பீகார், ஜார்கண்ட், கிழக்கு உத்தரப்பிரதேசக் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. விரதம் இருப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், ஏறத்தாழ 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அந்த நாட்களில் வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. மாலையில் நீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் முறத்தில் படையல் வைத்துக் காட்டுகிறார்கள். விரதக்காரர் மரபாக உடுத்துவது தையல் படாத பருத்திச் சேலை அல்லது வேட்டி. தையல் போடாத துணி புனிதம் என்று கருதும் வீட்டுக்கு, தைத்த பனியனோடு போய் நிற்கிறோம். கூடவே கடையில் வாங்கிய மிக்சர் பாக்கெட் வேறு, பூண்டு வாசத்தோடு.

முறத்தில் இருப்பதைப் பார்த்திருந்தாலே போதும். கரும்பு, தேங்காய், வாழைத்தார், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இலையோடு கூடிய மஞ்சள், இஞ்சிச் செடிகள், வெல்லமும் கோதுமை மாவும் பிசைந்து நெய்யில் பொரித்த தேக்குவா. ஏறக்குறைய நம் பொங்கல் படையல் அது. சூரியனுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வைக்கிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கு அங்கே என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை என்றால், அது அறியாமை இல்லை, அக்கறைக் குறைவு. மறுநாள் கம்பெனிக்கு வரும் தேக்குவாவை ருசித்துத் தின்றிருக்கிறோம். எதற்காகச் செய்தது என்று கேட்டதில்லை.

அழைக்காமலே நாம் அவர்கள் வாசலுக்குப் போனதும் உண்டு. 2023 மார்ச்சில், இங்கே வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று பதறினோம். பயப்படாதீங்க, நாங்க இருக்கோம் என்று ஆறுதல் சொன்னோம். மனதாரத்தான் சொன்னோம். ஆனாலும் மிஷின் காலியாகிவிடுமே என்ற கவலைதான் நம்மை அங்கே கொண்டுபோனது. ஆள் பற்றாக்குறை தீர்ந்ததும் அங்கே போய்வருவதும் நின்றுவிட்டது.

கொடுக்க நம்மிடம் பொருளுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அனுப்பர்பாளையத்தில் பித்தளையும் செம்பும் பாத்திரமாகின்றன. ஒரு பித்தளைச் செம்பில் அந்த வீட்டுக்காரர் பெயரை வெட்டிக் கொடுத்தால், அவர் தன் ஊருக்கும் எடுத்துப் போவார். தேக்குவாவுக்கு வேண்டிய நெய்க்கு ஊத்துக்குளியைவிட வேறு எங்கே போக வேண்டும்?

சத் பூஜை பெரும்பாலும் ஐப்பசியில் வருகிறது. அப்போது ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வயலில் பச்சையாக நிற்கும், அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். பொங்கலுக்குக் கிடைப்பதுபோல் கொத்து சந்தைக்கு வந்திருக்காது. தெரிந்த விவசாயியிடம் புரட்டாசியிலேயே சொல்லிவைத்தால் நாலு செடியை வேரோடு பிடுங்கித் தருவார். தேங்காய்க்குக் காங்கேயம் இருக்கிறது. எந்தத் தேதி, வீட்டில் எத்தனை பேர் விரதம், சேலையா வேட்டியா என்பதை மட்டும் அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.